ரிஃப்ளக்ஸுக்கு ஜெல் ஊசி போதுமா, ஆபரேஷன்தான் வழியா?

மகிழ் அம்மா:
மகளுக்கு மூன்றரை வயது. ஒரு வருடத்தில் மூன்று தடவை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூன்று தடவையும் யூரின் கல்ச்சரில் ஈ.கோலை கிருமி. எம்.சி.யூ. (சிறுநீர்ப் பையில் மருந்து நிரப்பி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்து, பையிலிருந்து சிறுநீர் இடது கிட்னிக்கே திரும்ப ஏறுகிறது, இதுதான் ரிஃப்ளக்ஸ், ஐந்து கிரேடில் இது கிரேடு 3 என்றார்கள். கிட்னியைப் பார்க்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில் சின்னத் தழும்பும் இருக்கிறது. ராத்திரி ஆன்டிபயாடிக் சிரப் விடாமல் கொடுத்தும் போன மாதம் மறுபடி காய்ச்சல். உள்ளே ஜெல் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். வளர்ந்தால் சரியாகிவிடும், பிள்ளை மேல் கை வைக்க விடாதே என்கிறார் மாமியார். போட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தென்றல்:
என் பெண்ணுக்கு நாலு வயதில் போட்டோம். வயிற்றில் கத்தியே படாது. மயக்கம் கொடுத்து, சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய கேமரா குழாயை விட்டு, கிட்னியிலிருந்து வரும் குழாய் பைக்குள் திறக்கிற இடத்துக்கு அடியில் ஜெல்லைச் செலுத்துவார்கள், அந்த இடம் மேடாகி வாய் இறுகிவிடும், இறங்கும் சிறுநீர் இறங்கும், திரும்ப ஏறாது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு நாள் எரிச்சலென்று அழுதாள், அவ்வளவுதான். மாமியார் சொல்வதும் முழுத் தப்பில்லை, கிரேடு 1, 2 பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனால் மருந்தை மீறிக் காய்ச்சல் வருகிறது, தழும்பும் இருக்கிறது என்றால் நான் காத்திருக்க மாட்டேன்.

இருவரின் அப்பா:
எல்லோருக்கும் ஒரே ஊசியில் முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். கிரேடு 3க்கு முதல் ஊசியிலேயே 100க்குச் சுமார் 70 குழாய்களில் நின்றுவிடும், கிரேடு ஏற ஏற அது குறையும். என் மகனுக்குக் கிரேடு 4, இரண்டு தடவை போட்டும் நிற்கவில்லை, கடைசியில் குழாயைப் பிரித்துப் பையில் புதிதாகப் பொருத்தும் ஆபரேஷன் செய்து இப்போது நன்றாக இருக்கிறான். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஜெல் மேடு பல வருடம் கழித்துச் சுண்ணாம்பு படிந்து ஸ்கேனில் கல் மாதிரியே தெரியலாம், விவரம் தெரியாத டாக்டர் கல் என்றே நினைத்துவிடக்கூடும்.

நர்ஸ் அக்கா:
குழந்தைகள் அறுவை வார்டில் வேலை பார்க்கிறேன். பாப்பாவுக்கு மலச்சிக்கல் உண்டா? விளையாட்டு மும்முரத்தில் காலை இறுக்கிக்கொண்டு யூரினை அடக்குகிறாளா? முதலில் அதைப் பாருங்கள் தங்கச்சி. குடலில் மலம் தேங்கினால் பை சரியாகக் காலியாகாது, அப்புறம் ஊசி போட்டாலும் இன்ஃபெக்ஷன் திரும்பும், ரிஃப்ளக்ஸே திரும்பவும் வரலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வையுங்கள், கால் தொங்காமல் அடியில் ஒரு பலகை போடுங்கள். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே யூரின் கல்ச்சர் கொடுங்கள்.

மகிழ் அம்மா:
அக்கா, அவள் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறாள், அதுவும் அழுதுகொண்டே. இதை இதுவரை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.