ஏ320 விமானிக்கு எந்த ஹெட்செட்: காதை மூடுவதா, காதுக்குள் வைப்பதா?

வலதிருக்கை
உந்தியால் (புரொப்பெல்லரால்) பறக்கும் ஏடிஆர் 72 விமானத்திலிருந்து ஜெட் விமானமான ஏர்பஸ் ஏ320க்கு மாறும் பயிற்சியை அண்மையில் முடித்திருக்கிறேன். கண்ணாடி அணிபவன். ஏடிஆரில் பயன்படுத்திய போஸ் ஏ20 ஹெட்செட்டை விற்றுவிட்டு, காதுக்குள் வைக்கும் போஸ் புரோஃபிளைட் சீரிஸ் 2 வாங்குவதா, காதை முழுதும் மூடும் ஏ30 வாங்குவதா என்பதே என் கேள்வி. ஒரே நாளில் நான்கு செக்டர் (ஒரு புறப்பாடு முதல் ஒரு தரையிறக்கம் வரை ஒரு செக்டர்) பறந்தால் பிற்பகலுக்குள் உச்சந்தலையும் கண்ணாடிக் கம்பி அழுந்தும் இடமும் வலிக்கத் தொடங்கிவிடுகின்றன. விலையை நானே பார்த்துக்கொள்கிறேன். வசதியைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

மேல்காற்று
யோசிக்காமல் புரோஃபிளைட் வாங்குங்கள். அதன் எடை சுமார் 130 கிராம்; ஏ30 சுமார் 400 கிராம். காது மெத்தையே இல்லாததால் கண்ணாடிக் கம்பியின் மேல் எதுவும் அழுந்தாது.

அதைவிட முக்கியமானது, நீங்கள் இப்போது உட்காரும் விமானி அறை வேறு என்பது. ஏடிஆர் 72-600இன் உந்திக்கு 6 இலைகள். புறப்படும்போது அது நிமிடத்திற்கு 1200 சுற்று வரை சுழல்கிறது. அப்படியென்றால் வினாடிக்கு 120 முறை ஓர் இலை உடற்பகுதியைக் கடந்து செல்கிறது. அந்த 120 ஹெர்ட்ஸ் முழக்கத்தை அடக்கப் பெரிய மெத்தையும் வலுவான மின்னணு இரைச்சல் நீக்கமும் தேவைப்பட்டன. ஏ320இல் உந்தி இல்லை. அங்கே கேட்பது பெரும்பாலும் முன்கண்ணாடியின் மேல் ஓடும் காற்றின் சீறலும் கருவிகளைக் குளிர்விக்கும் விசிறிகளின் ஓசையும்தான். புரோஃபிளைட் இப்படிப்பட்ட ஜெட் விமானங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. உந்தி விமானத்தில் அதை அணிந்துவிட்டுக் குறை சொல்பவர்களின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

இடதிருக்கை
எடையை வைத்து வசதியை அளப்பது தவறான கணக்கு. ஏ20இன் எடை சுமார் 340 கிராம். 2023இல் வந்த ஏ30 அதைவிடக் கூடுதல் எடை. ஆனாலும் ஏ30 தலையை இறுக்கும் விசை 20 சதவீதம் குறைக்கப்பட்டிருப்பதாக அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள், அணிந்து பார்த்தவர்கள் பலரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். உச்சந்தலை வலிக்கு எடை எங்கே பரவுகிறது என்பதும், கண்ணாடி வலிக்கு இறுக்கமும் கம்பியின் தடிமனும்தான் காரணங்கள். தடித்த பிளாஸ்டிக் சட்டத்தை மாற்றி மெல்லிய டைட்டானியம் கம்பியுள்ள கண்ணாடி அணிந்தால், வலியோடு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே விழும் இடைவெளியும் குறையும். அந்த இடைவெளி வழியாகத்தான் இரைச்சல் உள்ளே வருகிறது என்பதைக் கண்ணாடி அணிபவர்களில் பலர் கவனிப்பதே இல்லை.

மேல்காற்று சொன்ன இயற்பியல் அவருக்கே எதிராகவும் நிற்கிறது. மின்னணு இரைச்சல் நீக்கம் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் சிறப்பாக வேலை செய்யும். காற்றின் சீறல் போன்ற உயர்ந்த ஒலியைத் தடுப்பது மெத்தையின் அடைப்புதான். சீறலே சிக்கல் என்றால் அடைப்பு நன்றாக உள்ள கருவியை அல்லவா வாங்க வேண்டும்?

இன்னொன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுத் துளைக்குள் பூஞ்சைத் தொற்று சாதாரணமாக வருவது. ஈரம் காயாத துளையில் நாள் முழுதும் சிலிக்கோன் முனையை வைத்திருப்பதை எந்தக் காது மருத்துவர் விரும்புவார்? தொழில்முறை விமானிகளுக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கான, பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) விதிப்படி, 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபெலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபெலுக்கு மேலும் எந்தக் காதிலும் கேட்புக் குறைவு இருக்கக் கூடாது. காது நமக்குப் பிழைப்பு.

பழைய பயிற்றுநர்
இரண்டுமே தேவையில்லை என்பேன். பயிற்சிப் பள்ளியின் சிறிய செஸ்னா 172 விமானங்களில் மாணவர்கள் கீழே போட்டும் வெயிலில் விட்டும் உடையாமல் இருப்பவை டேவிட் கிளார்க்கின் பச்சை நிற எச்10-13.4 ஹெட்செட்டுகளே. பேட்டரி தீர்ந்து போவது என்ற பேச்சே அவற்றில் இல்லை. மேலும், இரைச்சல் நீக்கும் ஹெட்செட் அணிந்தால் எச்சரிக்கை ஒலிகளும் இயந்திரத்தின் வழக்கத்துக்கு மாறான ஓசையும் காதில் விழாமல் போகக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007லேயே விமானிகளுக்கு எச்சரித்திருக்கிறது.

இடதிருக்கை
ஐயா, உங்கள் எச்10 ஏறத்தாழ அரைக் கிலோ. பள்ளிக்கு அது பொருத்தமே. நான்கு செக்டர் பறப்பவரின் கழுத்துக்கு அல்ல. ஏர்பஸ் விமானி அறையில் ஹெட்செட்டைச் செருகும் 5 முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பு ஹெட்செட்டுக்கு மின்சாரத்தையும் தருகிறது என்பதால் பேட்டரிக் கவலையும் அங்கே எழாது. எச்சரிக்கை ஒலிகளைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் நியாயம்: புதிய ஹெட்செட்டை எந்த விமானத்தில் அணிந்தாலும், பறப்பதற்கு முன் தரையிலேயே எச்சரிக்கை ஒலிகளைச் சோதித்துக் கேட்டுவிட வேண்டும்.

மேல்காற்று
தொற்று வருமென்று பயமுறுத்துவதில் பாதிதான் உண்மை. சொந்த முனையைத் துடைத்து, அவ்வப்போது மாற்றி, ஒருவரே அணிவது ஒருபுறம்; பலர் வியர்வை ஊறிய பொது ஹெட்செட்டின் மெத்தை மறுபுறம். எது சுத்தம் என்று அவரே சொல்லட்டும். மேலும் ஏ320இல் உயரம் எட்டியதும் நாமெல்லாம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில்தானே கேட்கிறோம்? ஏற்றத்திலும் இறக்கத்திலும் மட்டும் காதில் இருக்கும் முனை அவ்வளவு பெரிய தீங்கு செய்துவிடாது. ஆக்சிஜன் முகமூடியை ஒரே கையால் 5 வினாடிக்குள் மாட்ட வேண்டிய நேரத்திலும் தலையில் பெரிய மெத்தைகள் இல்லாதது நல்லதே.

இடதிருக்கை
ஏற்றத்திலும் இறக்கத்திலும் மட்டுமே அணிகிறோம் என்றால், 270 கிராம் வேறுபாட்டை முதல் காரணமாக நீங்கள் காட்டியது எதற்கு? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். நாள் முழுதும் அணிகிறோம் என்றால் எடை முக்கியம், தொற்றும் முக்கியம். கொஞ்ச நேரமே அணிகிறோம் என்றால் இரண்டுமே அவ்வளவு முக்கியமில்லை, தெளிவாகக் கேட்பதுதான் முக்கியம். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, மறு காதில் வானொலியை உரக்க வைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. 85 டெசிபெலில் 8 மணி நேரம் பாதுகாப்பானது என்றால் 88இல் 4 மணி நேரம்தான் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கிடுகிறது. வானொலியின் ஒலியும் அந்தக் கணக்கில் சேரும்.

மேல்காற்று
தர்க்கம் சரி, முடிவு சரியில்லை. ஒரு காதைத் திறப்பது ஏன்? பெரிய மெத்தைக்குள் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு மங்கிப்போவதால்தான். புரோஃபிளைட்டில் காது முனையைத் தட்டினாலே வெளிப்பேச்சு உள்ளே வரும். ஹெட்செட்டை நகர்த்த வேண்டியதில்லை. நீங்கள் கண்டிக்கும் வழக்கத்துக்கு மருந்து அதுவே.

வலதிருக்கை
இருவருக்கும் நன்றி. ஏ20க்கு ஏர்பஸ் இணைப்புள்ள கம்பிவடத்தை வாங்கி மாட்டி, மெல்லிய சட்டக் கண்ணாடியுடன் சில வாரங்கள் பறந்து பார்க்கப் போகிறேன். எங்கள் நிறுவனம் அனுமதித்திருக்கும் ஹெட்செட் பட்டியலில் ஏ20 இருக்கிறது. புரோஃபிளைட் இருக்கிறதா என்று இனிமேல்தான் கேட்க வேண்டும்.

மேல்காற்று
அப்படியானால் காது மெத்தைகளையும் புதிதாக மாற்றிவிட்டுச் சோதியுங்கள். நசுங்கித் தட்டையான மெத்தையை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் குற்றம் சொன்னால் இடதிருக்கை சும்மா ஜெயித்துவிடுவார்.