ஆவுளியாவ நேர்ல பாத்த அனுபவம் (மல்லிப்பட்டினம் கடல்)

கடல்ல நேர்ல பாத்த உயிரினங்களப் பத்தி எழுதுற இந்தப் பக்கத்துல ஆமை, டால்பின் பத்தியெல்லாம் நிறைய பேரு எழுதிட்டீங்க, நான் கடல்பசு பத்தி சொல்றேன், எங்க பக்கம் ஆவுளியான்னுதான் சொல்லுவாங்க. கடல்புல் சர்வே எடுக்க வந்த டீமோட தஞ்சாவூர் மாவட்டத்து மல்லிப்பட்டினத்துலேர்ந்து ஃபைபர் போட்ல போயிருந்தேன், அங்கெல்லாம் ஆழம் கம்மி, தண்ணி தெளிஞ்சிருந்தா தரையே தெரியும். போட் ஓட்டுன அண்ணன் திடீர்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, மிதந்துட்டிருந்த புல்லை அள்ளிக் காட்டுனாரு, வேரோட இருந்துச்சு. "இது மேஞ்ச புல்லு தம்பி, பக்கத்துலதான் நிக்கும், சத்தம் போடாதீங்க"ன்னாரு. கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கிப் பாத்தா புல்லுக்கு நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு ஒரு தடம், அதுல மட்டும் புல்லே இல்ல, வெறும் மணலு. மேல ஏறி உக்காந்த கொஞ்ச நேரத்துல கொஞ்சம் தள்ளி மூக்கு மட்டும் வெளிய வந்துச்சு, புஸ்ஸுன்னு ஒரு மூச்சு, அப்டியே முங்கிருச்சு. பாத்தது அவ்ளோதான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு.

அது மீன் இல்லங்க, சில நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்து மூச்சு விட்டே ஆகணும், வலையில சிக்குனா மேல வர முடியாம மூச்சு முட்டியே செத்துரும். ஒரு குட்டிய 13, 14 மாசம் சுமக்கும், அடுத்த குட்டிக்கு வருஷக்கணக்குல ஆகும், அதனால ஒன்னு போனாலும் ஈடு கட்டுறது ரொம்ப கஷ்டம்.

ஒரு காலத்துல கறிக்காகப் புடிச்சதை ஊர்ப் பெரியவங்க மறைக்காமதான் சொல்றாங்க. இப்ப மாட்டுனா அவங்க புள்ளைங்களே வலைய அறுத்து விட்டுர்றாங்க. 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு பாதுகாப்பகம்னு அறிவிச்சாங்க, நாட்டுலயே இதுதான் முதல். சந்தோஷம்தான், ஆனா ராத்திரி நடுக்கடல்ல வலையில ஒன்னு கெடந்து துடிக்கும்போது பக்கத்துல இருக்குறது மீனவர் மட்டும்தான், கத்திய எடுக்குறதும் அவருதான், அறுந்து போறதும் அவரோட வலைதான். அப்டி உயிரோட விடுறவங்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை குடுக்குறாங்க, அது வலைக்காசை ஈடு கட்டுற அளவுக்கு, லேட் ஆகாம கைக்கு வரணும்ங்கறது என்னோட கருத்து. அதே மாதிரி கரையை ஒட்டுன கடல்ல விசைப்படகு மீன் புடிக்கக் கூடாதுன்னு 1983லேர்ந்து சட்டம் இருக்கு, அதைக் கறாரா பாக்கணும், இழுவை மடி (தரையோட இழுத்துட்டுப் போற வலை) புல்லை வாரிட்டுப் போயிட்டா இது எதை மேயும் சொல்லுங்க.

அதிராம்பட்டினம், கட்டுமாவடி பக்கத்து ஆளுங்க யாராச்சும் குட்டியோட பாத்திருந்தா எந்த மாசம், எந்தப் பக்கம்னு எழுதுங்க, அந்த டீம்ல இருக்குறவங்க அதைத்தான் ஊர் ஊரா விசாரிச்சுட்டு இருக்காங்க.