டூ-பார்ட் எழுதும்போது பேரலல் ஃபிஃப்த் ஏன் கூடாது?

சிப்புட்_அம்மா:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட், தோட்டத்துப் பக்கம். மகள் கோயில் பஜனையில் கீபோர்ட் வாசிப்பவள், இப்போது தியரியும் படிக்கிறாள். ஈப்போவிலிருந்து வரும் டீச்சர் ஒரு மெலடி கொடுத்து, கீழே இன்னொரு குரல் எழுதச் சொல்கிறார். நோட்டு முழுக்க சிவப்பு வட்டம், "பேரலல் ஃபிஃப்த்" என்று. வாசித்தால் நன்றாகத்தானே இருக்கிறது? பிள்ளை அழாத குறை.

ஈப்போ_கீஸ்:
அக்கா, நன்றாக இருப்பதுதான் சிக்கலே. ஃபிஃப்த் என்றால் ஸ-விலிருந்து ப வரை ஐந்து சுர இடைவெளி. ஸ-வும் ப-வும் 2:3 விகிதம், தம்புராவில் கேட்பீர்களே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ-ப முடிந்து அடுத்து ரி-த என்று இரண்டும் ஜோடியாக மேலே போனால், இரண்டு பேர் பாடுவது போல் இல்லாமல் ஒரே குரல் தடித்தது போலக் கேட்கும். பாடமோ இரண்டு தனிக் குரல் எழுதுவது. கீழே ஸ-விலிருந்து ரி-க்கு ஏறினால், மேல் குரலை ப-விலிருந்து ம-வுக்கு இறக்கச் சொல்லுங்கள், எதிர்த் திசை, பிரச்சினை தீர்ந்தது. ஆக்டேவுக்கும் (ஸ-வும் மேல் ஸ-வும்) இதே கதை. தேர்டும் (ஸ-க) சிக்ஸ்த்தும் (ஸ-த) ஜோடியாகப் போகலாம், ஆனால் மூன்றுக்கு மேல் தொடர்ந்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

தவில்_தம்பி:
நம் சங்கீதத்தில் இதெல்லாம் கிடையாது, எதற்கு இந்தத் தொல்லை? கிட்டார்காரர்கள் பவர் கார்டு என்று ஃபிஃப்த்தை வைத்தே முழுப் பாட்டும் ஓட்டுகிறார்கள்.

ஈப்போ_கீஸ்:
ஓட்டட்டும் தம்பி, அங்கே தடிமன்தான் வேண்டும். இது வேறு பாணி.

பழைய_ஆர்மோனியம்:
நானும் ஒன்று சொல்கிறேன். எடுத்ததும் குட்டிக் குட்டி நோட்டாக எழுத விடாதீர்கள். ஃபூக்ஸ் என்ற ஆஸ்திரிய இசை ஆசிரியர் 1725-இல் புத்தகமாகப் போட்ட வழி இன்னும் வேலை செய்கிறது: முதலில் ஒரு நோட்டுக்கு ஒரு நோட்டு, அதிலேயே தப்பில்லாமல் வந்த பிறகுதான் நடுவில் பாசிங் நோட் (இரண்டு நோட்டுக்கு நடுவே கடந்து போகும் நோட்டு; அது மற்றக் குரலோடு உரசினால், பலமில்லாத பீட்டில், படிப்படியாக வந்து படிப்படியாகப் போக வேண்டும்). பெரிய இசையமைப்பாளர் ஹைடனே சரியான வாத்தியார் அமையாமல் அந்தப் புத்தகத்தை வைத்துத் தானே கற்றவர், அதனால் வாரம் ஒரு வகுப்பு என்று கவலைப்பட வேண்டாம். முடிவை முதலில் எழுதச் சொல்லுங்கள்: மேலே நி-ஸ, கீழே ரி-ஸ, சிக்ஸ்த் விரிந்து ஆக்டேவாகும். அப்புறம் ஒரு வரியை அவள் பாட, இன்னொன்றை நீங்கள் பாடிப் பாருங்கள்.

சிப்புட்_அம்மா:
நான் பாடினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அவள் அப்பாவைப் பாடச் சொல்கிறேன். மைனர் ஸ்கேலிலும் இதே முடிவுதானா?

பழைய_ஆர்மோனியம்:
இதேதான், நி-யை மட்டும் அரை சுரம் உயர்த்த வேண்டும். ஏ மைனர் என்றால் ஜி ஷார்ப். பிள்ளைகள் அதிகம் மறப்பது அந்த ஷார்ப்பைத்தான்.