பூனை துப்பறியும் நாவல்களை ஏன் கீழே வைக்க முடியவில்லை?

மலைக்கோட்டை கேட்டது:

மாத நாவல் படித்து வளர்ந்தவன் நான். முதல் பக்கத்தில் பிணம், மூன்றாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கடைசிப் பக்கத்தில் திருப்பம். இந்தக் கணக்கு தப்பினால் எனக்குக் கோபம் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் ஒரு கட்டு ஆங்கில நாவல்களைத் தலையில் கட்டிவிட்டார். பாதிக்கு மேல் லிலியன் ஜாக்சன் பிரவுன் எழுதியவை. கதாநாயகன் குவில்லரன் என்ற பத்திரிகையாளர், பெரிய மீசைக்காரர். சந்தேகம் வந்தால் மீசை குறுகுறுக்கும். அவரிடம் கோகோ, யம்யம் என்று இரண்டு சயாமீஸ் பூனைகள். முதல் நாவலில் கோகோ செய்தித்தாள் தலைப்பை மூக்கால் வலமிருந்து இடமாகப் படிக்கிறது! பிறகு வரும் கதைகளில் அலமாரியிலிருந்து புத்தகத்தைத் தள்ளிவிடுகிறது. அந்தப் புத்தகத்தின் பெயரில் கொலையாளியைப் பற்றிய குறிப்பு இருக்கிறதாம். ஊரில் ஒரு கொலை நடந்திருக்கிறது, இந்த மனிதர் பூனைக்கு இன்று என்ன மீன் என்று ஒன்றரைப் பக்கம் யோசிக்கிறார்.

துப்பு என்று பார்த்தால் கால் காசு பெறாது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க மனம் வரவில்லை. வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கோஸி மிஸ்டரி என்று, ரத்தம் அதிகம் சிந்தாத இதமான துப்பறியும் கதைகளுக்கு ஒரு பெரிய வகையே இருக்கிறது, அதில் பாதி நாய் பூனைக் கதைகள்தான் என்று மகள் சொல்கிறாள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது? இதைவிட உருப்படியானது ஏதாவது உண்டா?

வாடகைப் புத்தகம் எழுதியது:

சார், வணக்கம். தாம்பரம் பக்கம் சின்னதாக ஒரு லெண்டிங் லைப்ரரி நடத்துகிறேன். உங்கள் கேள்வியைக் கல்லாவில் உட்கார்ந்தபடி நானும் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் புத்தகங்களைத் திருப்பித் தருகிறவர்களிடம் "கொலையாளி யார்?" என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். பூனை என்ன தின்றது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்த ஒன்றரைப் பக்கம் மீன்தான் நாவலின் முதுகெலும்பு. கொலை வந்தால் ஊரின் ஒழுங்கு குலைகிறது. யாரை நம்புவது என்று தெரியவில்லை. அப்போதும் பூனைக்குக் காலையில் பசிக்கும், மாலையில் பசிக்கும். குவில்லரன் எங்கே சுற்றினாலும் அந்த நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும். விவாகரத்தானவர், ஒரு காலத்தில் குடியால் கெட்டவர், தனி ஆள். வழக்கமான துப்பறியும் நாவலில் இப்படிப்பட்ட ஆள் மதுக்கடையில் கிடப்பார். இவர் மீனை முள் நீக்கிப் பிசைந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு பிணத்துக்குப் பிறகும் ஒரு சாப்பாட்டுக் காட்சி வருகிறதா இல்லையா என்று எண்ணிப் பாருங்கள். உங்களை விளக்கணைக்க விடாதது அதுதான். "யார் கொன்றது" என்று தெரிந்துகொள்ள நீங்கள் விழித்திருக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று விழித்திருக்கிறீர்கள்.

இந்த இதமான கதைகளின் பிறப்பு இதமானது அல்ல. லிலியன் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் வளர்த்த சயாமீஸ் பூனை, அதன் பெயரும் கோகோதான், பத்தாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து செத்தது. யாரோ தள்ளிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்த ஆத்திரத்தில் ஒரு சிறுகதை எழுதினார். 1962இல் எல்லரி குயின் மர்மக் கதை இதழில் வந்தது. அதில் குட்டியை இழந்த தாய்ப் பூனைக்கு நியாயம் கிடைக்கிறது. நீங்கள் படித்த வரிசையின் முதல் நாவல் 1966இல் வந்தது. 1968க்குள் மூன்று வந்து, அப்படியே நின்றுபோயிற்று. ரத்தமும் படுக்கையறையும் விற்ற காலம், பூனைக்கு யார் வருவார்கள்? பதினெட்டு வருடம் கழித்து, 1986இல் நான்காவது நாவல் வந்தது. பிறகு அவர் நிற்கவே இல்லை. 2007 வரை மொத்தம் 29 நாவல்கள். 2011இல் 97 வயதில் காலமானார். இன்று இந்த வகையில் எழுதுகிற எல்லோரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

உங்களுக்கு என்ன தருவது? ரீட்டா மே பிரவுன் என்பவரின் மிஸஸ் மர்ஃபி வரிசையை எடுங்கள். முதல் நாவல் 1990இல் வந்தது. அட்டையில் இணை ஆசிரியராக அவருடைய பூனை ஸ்னீக்கி பையின் பெயர் இருக்கும், பயப்பட வேண்டாம். வர்ஜீனியா மாநிலத்தில் குரோசெட் என்ற உண்மையான சிற்றூர். கதாநாயகி ஹாரி அந்த ஊரின் போஸ்ட் மாஸ்டர்; யாருக்கு என்ன கடிதம் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். கல்லறைப் படம் போட்ட அஞ்சலட்டை வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவளுடைய பூனை மிஸஸ் மர்ஃபியும் டக்கர் என்ற கோர்கி நாயும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. மோப்பம் பிடித்து அவை முதலிலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடும். கத்தும், பாவாடையைக் கடித்து இழுக்கும், இவளோ "சும்மா இரு" என்பாள். நமக்குத் தெரியும், பூனைக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. கொலையாளியைத் தேடுகிற பதற்றத்தைவிட, "ஐயோ, சொல்வதைக் கேளேன்" என்கிற இந்தப் பதற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எழுதப்படாத விதி ஒன்றும் உண்டு. இந்த வகையில் எத்தனை மனிதர்களை வேண்டுமானாலும் கொல்லலாம், பூனையின் மேல் கை வைக்கக் கூடாது. என் வாடிக்கையாளர் ஒருவர் புத்தகம் எடுக்கும் முன் கேட்பார்: "நாய் சாகாதே?" மனிதர்களைப் பற்றி அவர் விசாரித்ததே இல்லை.

சந்தேகப் பிராணி எழுதியது:

மேலே உள்ளவர் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் இது ஏமாற்று வேலை. துப்பறியும் கதைக்கு ஒரு தர்மம் இருக்கிறது: கதாநாயகனுக்குக் கிடைக்கும் தடயம் எனக்கும் கிடைக்க வேண்டும், அதிலிருந்து முடிவுக்கு வர ஒரு வழி இருக்க வேண்டும். பூனை புத்தகத்தைத் தள்ளியதால் கொலையாளி பிடிபட்டான் என்றால் நான் எதை வைத்து யோசிப்பது? கிளி ஜோசியத்தில் கிளி சீட்டு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடைசி நாவல்களில் சீட்டுக்கும் கொலைக்கும் இருந்த தொடர்பும் தேய்ந்துபோய்விட்டது.

விலங்கை நேர்மையாகப் பயன்படுத்தியவர் கானன் டாயில். 1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில் பந்தயக் குதிரை காணாமல் போகிறது. லாயத்தில் நாய் இருந்தும் அன்று இரவு குரைக்கவில்லை. வந்தவன் அதற்குப் பழக்கமானவன் என்று ஹோம்ஸ் முடிவு கட்டுகிறார். நாய் துப்பறியவில்லை, நாய் நாயாக இருந்தது. படிக்கிற நானும் நினைத்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அதற்குப் பிறகு வந்த விலங்குகளில் பெரும்பாலானவை அட்டைப்படத்துக்காக வந்தவை.

ஊசி மருந்து எழுதியது:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். சயாமீஸ் பூனைகள் உண்மையிலேயே ஓயாமல் பேசும், எஜமானர் பின்னாலேயே வரும்; லிலியன் அதைத் துல்லியமாக எழுதியிருக்கிறார். முகம், காது, பாதம், வால் மட்டும் கறுத்திருக்கிறதே, அது உடல் வெப்பத்தால். நிறத்தை உண்டாக்கும் நொதி குளிர்ந்த இடங்களில்தான் ஒழுங்காக வேலை செய்யும். தாயின் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு, அதனால் குட்டிகள் கிட்டத்தட்ட வெள்ளையாகப் பிறக்கும்.

அலமாரியிலிருந்து பொருளைத் தள்ளுவதும் நடப்பதுதான். ஒருமுறை தள்ளியதும் நீங்கள் ஓடி வந்தால், உங்களை வரவழைக்க அது ஒரு வழி என்று பூனை கற்றுக்கொள்கிறது. கோகோ செய்ததெல்லாம் அவ்வளவுதான். தலைப்பைப் படித்துப் பொருள் கண்டுபிடித்தவர் மீசைக்காரர். ஆகவே சந்தேகப் பிராணி ஐயா, ஜோசியம் பார்த்தது மனிதன், பூனையின் மேல் வழக்குப் போடாதீர்கள்.

கோர்கி வேல்ஸ் நாட்டு மாட்டு நாய். மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டும், குட்டைக் கால் என்பதால் உதைக்குத் தப்பிவிடும். பாவாடையைக் கடித்து இழுப்பது அதன் ரத்தத்தில் இருப்பது.

வாடகைப் புத்தகம் எழுதியது:

டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். கோகோவுக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா என்பதை லிலியன் கடைசிவரை உறுதியாகச் சொல்லவே இல்லை. குவில்லரன் அப்படி எடுத்துக்கொள்கிறார், அவ்வளவே.

சந்தேகப் பிராணிக்கு ஏற்ற நாவல் ஒன்று இருக்கிறது. அகதா கிறிஸ்டியின் 'டம்ப் விட்னஸ்', 1937. பணக்கார மூதாட்டி மாடிப்படியில் உருண்டு விழுகிறார். அவர் வீட்டு நாய் பாப், பந்தைப் படியில் உருட்டி விளையாடும் பழக்கம் உள்ளது. வீட்டார் பழியை அந்தப் பந்தின் மேல் போடுகிறார்கள். மூதாட்டிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. துப்பறிவாளர் பாய்ரோவுக்குக் கடிதம் எழுதுகிறார். கடிதம் போய்ச் சேரும்போது அவர் உயிரோடு இல்லை. இதில் நாய் துப்பறிவதில்லை, குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறது. கிறிஸ்டி இந்த நாவலைத் தன் நாய் பீட்டருக்குச் சமர்ப்பித்திருக்கிறார்.

விலங்கின் மூளை எப்படி ஓடும் என்பதில் ஆர்வம் இருந்தால் ஸ்பென்சர் க்வின் எழுதுகிற செட், பெர்னி வரிசை, 2009இல் தொடங்கியது. கதை சொல்வதே நாய்தான். போலீஸ் நாய்ப் பயிற்சியில் தேறாத நாய். முக்கியமான தடயத்தை முகர்ந்துவிட்டு, பக்கத்தில் இறைச்சித் துண்டைப் பார்த்ததும் மறந்துவிடும். கோஸி என்று சொல்வதற்குச் சற்று முரடு. எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மன் எழுத்தாளர் லியோனி ஸ்வான் 2005இல் எழுதிய ஆட்டு மந்தைக் கதை. அயர்லாந்தில் மேய்ப்பன் ஒருவன் உடம்பில் மண்வெட்டி குத்திய நிலையில் கிடக்கிறான். யார் கொன்றது என்று அவனுடைய ஆடுகள் கூடி விவாதிக்கின்றன. அவன் மாலையில் அவற்றுக்குக் கதை படித்துக் காட்டியவன், அந்த அறிவை வைத்துக்கொண்டு விவாதிக்கின்றன. மனிதர்களின் காதல், மதம், பணம் எல்லாம் ஆட்டுக்கு எப்படிப் படும் என்று வருகிற பக்கங்களுக்காகவே படிக்கலாம்.

ஜப்பானில் அகாகவா ஜிரோ 1978இலேயே ஹோம்ஸ் என்று ஒரு மூவண்ணப் பூனையைத் தொடங்கிவிட்டார். கூட இருக்கும் போலீஸ்காரருக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். பெயர்தான் ஹோம்ஸ், பூனை பெண்.

ஊசி மருந்து எழுதியது:

மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும், ஆணுக்கு ஒன்றுதான். ஜப்பான்காரர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாடகைப் புத்தகம் அம்மா சொன்ன சாப்பாட்டுக் கணக்கை இரண்டு நாவல்களில் சரிபார்த்தேன், அப்படியே இருக்கிறது. இன்னொரு கேள்வி. நம் ஊரில் ஏன் இப்படி யாரும் எழுதவில்லை? நான் படித்த மாத நாவல்களில் பங்களா நாய் என்று ஒன்று வந்தால், இரண்டாம் அத்தியாயத்தில் விஷம் கலந்த கறித்துண்டைத் தின்று செத்திருக்கும். அதற்காகவே அதை வளர்த்தது போல.

வாடகைப் புத்தகம் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள். தமிழில் வாசகர்கள் உண்மையிலேயே நேசித்த நாய் ஒன்று உண்டு, ஆனால் அது இயந்திரம்: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ. பேசும், புத்தகம் படிக்கும், கதாநாயகி நிலாவைக் காப்பாற்றும். பேட்டரி போட்டால்தான் நாய்க்கு நம்மிடம் ஆயுள் கெட்டி போலிருக்கிறது.

இந்தியக் களத்தில் வேண்டுமானால் வசீம் கானின் இன்ஸ்பெக்டர் சோப்ரா நாவல்கள், முதலாவது 2015. மும்பையில் ஓய்வு பெறுகிற இன்ஸ்பெக்டருக்கு மாமா ஒரு குட்டி யானையை அனுப்பிவிடுகிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் யானை! குடியிருப்போர் சங்கத்தின் தலைவி திருமதி சுப்ரமணியம் சும்மா இருப்பாரா? அந்தச் சண்டை கொலையைவிடச் சுவாரசியம்.

தமிழில் எழுதினால் வீட்டு நாயை விட்டுவிட்டுத் தெரு நாயை எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எல்லா வீட்டிலும் சோறு வாங்கும், யாருக்கும் சொந்தமில்லை, ராத்திரி யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று அதற்குத் தெரியும்.

சந்தேகப் பிராணி எழுதியது:

அப்படியானால் அந்த நாய் யாரைப் பார்த்தும் குரைக்காதே. ஹோம்ஸுக்கே தடயம் கிடைக்காது. ஆனால் எழுதுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.

ஊசி மருந்து எழுதியது:

குரைக்கும். மழைக் கோட்டும் ஹெல்மெட்டும் போட்டு வந்தால் சோறு போட்டவரையே பார்த்துக் குரைக்கும், அருகில் வந்து முகர்ந்ததும் வாலாட்டும். உங்கள் தடயம் அந்த வாலில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

'டம்ப் விட்னஸ்' கிடைத்துவிட்டது. பாய்ரோ கடிதத்தைப் பிரித்திருக்கிறார். முடிவை யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள், குறிப்பாகச் சந்தேகப் பிராணி.