புதுப்பிப்பு: பற்றரியோட சோலார் போட்ட கணக்கு

யாழ்ப்பாணத்திலை வீட்டுச் சோலாருக்குப் பற்றரியும் தேவையோ எண்டு முந்திக் கேட்டிருந்தன். சேர்த்தே போட்டாச்சு: 5 கிலோவாட் பனல், ஹைபிரிட் இன்வேர்ட்டர் (பனல், பற்றரி, லைன் கரண்ட் மூண்டையும் சேர்த்து நடத்துற கருவி), லித்தியம் பற்றரி.

பனல் பெரிய செலவில்லை. பற்றரியும் இன்வேர்ட்டரும்தான் செலவிலை பாதிக்கு மேலை. எண்டாலும் நான் பற்றரிப் பக்கம்தான். அது இல்லாத சாதாரண இன்வேர்ட்டர், லைன் கரண்ட் நிண்டால் தானும் நிண்டிடும். எவ்வளவு வெயில் எறிச்சாலும் ஒரு ஃபான்கூட ஓடாது. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனது பகலிலைதான். அம்மாவின்ரை இன்சுலின் ஃபிரிட்ஜிலை இருக்கு, எங்களுக்கு அது விளையாட்டில்லை.

கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் அளவு வரும், மாரியிலை குறையும்.

கடற்கரைப் பக்கத்து ஆக்கள், பனல் பூட்டுற சட்டம் அலுமினியமோ எண்டு காசு குடுக்க முதலே கேளுங்கோ. உப்புக் காத்து இரும்பை விட்டுவைக்காது.