ஆய்வுக் களஞ்சியத்துக்கு டிஸ்பேஸா, ஈபிரிண்ட்ஸா?

அஸ்தம்பட்டி நூலகர்:
சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேடுகள் இரண்டு பீரோ நிறையக் கிடக்கின்றன. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர், மேக்னசைட் சுரங்கம், சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடிகளின் கதைப்பாடல் என்று எல்லாம் நம் ஊர்ச் சரக்கு. இணையத்தில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்க வழியில்லை, கட்டற்ற மென்பொருள்தான். கையில் 8 ஜிபி ராம் உள்ள ஒரே ஒரு சர்வர். ஆய்வேடுகளைச் சேமித்து இணையத்தில் காட்டும் மென்பொருள்களில் கணினித் துறையினர் டிஸ்பேஸ் என்கிறார்கள், எனக்கு ஈபிரிண்ட்ஸ் மேல் ஒரு கண். எதைப் போடலாம்?

ஏற்காட்டுக் குளிர்:
டிஸ்பேஸ்தான் சார், யோசிக்கவே வேண்டாம். எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்டது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்காவே அதில்தான் ஓடுகிறது. சிக்கல் வந்தால் கேட்க நாலு நூலகர்களாவது கிடைப்பார்கள். ஈபிரிண்ட்ஸ் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதியது. பெர்ல் தெரிந்த ஆளைச் சேலத்தில் எங்கே போய்த் தேடுவீர்கள்?

பழைய பெர்ல்காரன்:
இதோ ஒருவன் இருக்கிறேனே! ஈபிரிண்ட்ஸ் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000-இல் பிறந்தது. அப்பாச்சி வலைச் சேவையகம், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பெர்ல், அவ்வளவுதான். டிஸ்பேஸுக்கு ஜாவா, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடுபொறி, 2021-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து மேலே ஆங்குலர் முகப்பு வேறு. 8 ஜிபியில் மூச்சு வாங்கும். அந்தப் பதிப்பில் பழைய முகப்புகள் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் 5-ஆம் பதிப்புக்கு மாதக் கணக்கில் அலங்காரம் செய்திருந்தோம். எல்லாம் வீண். செய்துகொடுத்த ஒப்பந்தப் பையன் பெங்களூருக்குப் போய்விட்டான், கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது.

ஏற்காட்டுக் குளிர்:
பையன் போனதற்கு டிஸ்பேஸ் என்ன செய்யும் அண்ணா? பெர்லில் போட்டிருந்தால் இருந்திருப்பானா? கடவுச்சொல்லை எழுதி வாங்காதது கல்லூரியின் தப்பு. ராம்தான் பிரச்சினை என்றால் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போடட்டும். தளத்தின் முகவரி மாறினாலும் ஆய்வேட்டுக்கே கொண்டுபோகும் ஹேண்டில் நிரந்தர இணைப்பு டிஸ்பேஸோடு சேர்ந்தே வருகிறது, அது சின்ன விஷயமா?

பழைய பெர்ல்காரன்:
வருகிறது, சரி. இணைப்பின் முதலில் வரும் நம் கல்லூரிக்கான எண்ணுக்கு, அதாவது முன்னொட்டுக்குப் பதிவு செய்து ஆண்டுக் கட்டணம் கட்டினால்தானே அது நிரந்தரம்? பதியாதவர்கள் முகவரியில் 123456789 என்றே நிற்கும். அது டிஸ்பேஸோடு வரும் மாதிரி எண், அதை வைத்துக்கொண்டு எங்கே போவது?

தாரமங்கலம் தமிழாய்வாளர்:
இரண்டு பேரும் மென்பொருளுக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். ஆய்வேடு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? தமிழ்த் துறை ஆய்வேடு பல பாமினி என்ற, ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரியும், பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை கொட்டும். சோலர் அந்தக் குப்பையைத்தான் அட்டவணைப்படுத்தும், ஈபிரிண்ட்ஸும் அப்படியே. ‘சேர்வராயன்’ என்று தேடினால் ஒன்றும் வராது. 2010-இலேயே அரசு ஒருங்குறியை ஏற்றாயிற்று, நம் தட்டச்சு நிலையங்களுக்கு அது போய்ச் சேர நாளாயிற்று. மூலக் கோப்பு இருந்தால் எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றுங்கள். தாள் மட்டும்தான் என்றால் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்டில் கொடுங்கள், இலவசம்தான். பிழை திருத்த ஆள் வேண்டும்.

ஏற்காட்டுக் குளிர்:
அதையெல்லாம் முடித்துவிட்டு ஏற்றுவதென்றால் அடுத்த தலைமுறைதான் பார்க்கும். தலைப்பு, ஆசிரியர், நெறியாளர், சுருக்கம் இவற்றை மட்டும் ஒருங்குறியில் கையால் தட்டி ஏற்றிவிடலாம். முழு உரை பிறகு.

தாரமங்கலம் தமிழாய்வாளர்:
ஏற்றிய பிறகு யார் திரும்பி வருவார்கள்? கதைப்பாடலில் வரும் ஓர் ஊர்ப்பெயர் சுருக்கத்தில் இருக்காது. எனக்கு அதுதான் வேண்டும்.

அஸ்தம்பட்டி நூலகர்:
நேற்று ஒரு தமிழ் ஆய்வேட்டின் குறுந்தகட்டைப் போட்டுப் பார்த்தேன். பாமினிதான். அடுத்த குறுந்தகடு திறக்கவே இல்லை. ஆக, மலையாளிப் பழங்குடிகள் பற்றிய ஆய்வேடுகளை மட்டும் முதலில் முழுதாக மாற்றுகிறேன், மற்றவற்றுக்கு இப்போதைக்குச் சுருக்கம். இரண்டு மென்பொருளுக்கும் ஆய்வேட்டு விவரங்களைப் பிற தளங்கள் எடுத்துக்கொள்ள உதவும் ஓஏஐ-பிஎம்எச் என்ற பொது நெறிமுறை உண்டு, பின்னால் மாற வேண்டியிருந்தாலும் தட்டிய விவரங்களை வெளியே எடுத்துவிடலாம். ராம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வந்தால் டிஸ்பேஸ், வராவிட்டால் பெர்ல்காரரே, உங்கள் எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள்.