சுக்ரூ குடும்பப்பெயர்: வைக்கிங் வம்சமா, கெர்ரி மண்ணின் கேலிக் குடியா?

கடல்வழி:
அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி கவுண்டியில் வேர்விட்ட பெயர் சுக்ரூ. அங்கிருந்து வெளியே போனவர்களைத் தவிர வேறெங்கும் இதற்குப் பழைய தடம் இல்லை. ஐரிஷ் வடிவத்தை ஏறத்தாழ 'ஓ ஷுக்ரா' என்று சொல்லலாம். 'ஓ' என்றால் வழித்தோன்றல். யாருடைய வழித்தோன்றல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது: சிக்ஃப்ரித் என்ற நார்ஸ், அதாவது வைக்கிங் கால ஸ்காண்டிநேவிய, ஆண்பெயர். 1923இல் ஐரிஷ் குடும்பப்பெயர்களைத் தொகுத்து வெளியிட்ட பேட்ரிக் வுல்ஃப் பாதிரியாரும், பின்னால் வந்த எட்வர்ட் மக்லைசாட்டும் இதையே சொல்கிறார்கள். அயர்லாந்தின் பழைய நிகழ்ச்சிப் பதிவான அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகளில் 888ஆம் ஆண்டில், ஐவரின் மகன் சிக்ஃப்ரித், வடவர்களின் அரசன், உறவினன் கையால் சூழ்ச்சியில் கொல்லப்பட்டான் என்று வருகிறது. ஆக, இது அயர்லாந்தில் வாழ்ந்த நார்ஸ்காரர்கள் உண்மையிலேயே வைத்துக்கொண்ட பெயர்.

இடமும் பொருந்துகிறது. 824இல் ஸ்கெலிக் பாறைத்தீவு மடத்திலிருந்து எட்கல் என்பவரை வைக்கிங்குகள் தூக்கிச் சென்றார்கள். கேஹர்சிவீன் ஊருக்கு எதிரே, வலென்ஷியா துறைமுக வாயிலில் பெகினிஷ் தீவு இருக்கிறது. 1950களில் அங்கே தோண்டியபோது வைக்கிங் கால வீடும், அந்த வீட்டைக் கட்டப் பயன்படுத்திய ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்துப் பொறித்த கல்லும் கிடைத்தன. சுக்ரூக்கள் அடர்ந்திருப்பதும் அதே கேஹர்சிவீன் சுற்றுவட்டாரம்தான். குடிமுதல்வன் ஒரு நார்ஸ்காரன் என்பதே என் முடிவு.

ஆவணக்காரன்:
பெயர் நார்ஸ் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆள் நார்ஸ் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே நீங்கள் போடும் முடிச்சு பலமானதல்ல.

இரண்டு பெயர்களைப் பாருங்கள். மக்காலிஃப் என்ற பெயரில் இருப்பது ஓலாஃப். ஆனால் கார்க் கவுண்டியின் டுஹாலோ பகுதி மக்காலிஃப்கள் மக்கார்த்தி குலத்தின் கிளை, சுத்தமான கேலிக் (உள்ளூர் ஐரிஷ்) பிரபுக் குடும்பம். மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் மக்மேனஸ்களின் முதல்வன் மேக்னஸ், 1156இல் இறந்த மன்னர் டர்லோ ஓ'கானரின் மகன். பெயர் வடக்கிலிருந்து வந்தது, அப்பன் கொனாக்ட் அரசன்.

11ஆம் நூற்றாண்டில் கேலிக் வீடுகளில் நார்ஸ் பெயர் வைப்பது சாதாரணம். டப்ளின் நார்ஸ் மன்னன் சிட்ரிக்குக்கு கேலிக் மன்னர் பிரையன் போரு தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். இப்படிக் கொண்டு கொடுத்துச் சம்பந்தம் செய்த இடங்களில், தாய்வழிப் பாட்டன் பெயர் பேரனுக்கு வரும். ஆண்வழி மாறாது.

கடல்வழி:
ஓலாஃபும் மேக்னஸும் அரச குடும்பங்களில் நாகரிகமாகிப் பரவிய பெயர்கள். யார் வேண்டுமானாலும் வைத்திருப்பார்கள். சிக்ஃப்ரித் அப்படியா? கேலிக் வம்சாவளிகளில் அது எங்கே பரவியது? பரவாத பெயரை ஒரு குடும்பம் வைத்திருக்கிறது என்றால், அது வீட்டுக்குள்ளேயே இருந்த பெயராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் காட்டும் இரண்டும் இந்த வழக்குக்கு உதவாத முன்னுதாரணங்கள்.

கல்வெட்டன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நார்ஸ் வரைக்கும் ஏன் போகவேண்டும்? நார்மன்கள் கொண்டுவந்த ஜெஃப்ரி என்ற பெயரை ஐரிஷில் ஷாஃப்ரா, ஷிஃப்ரி என்றெல்லாம் எழுதினார்கள். ஏட்டில் இவை சிக்ஃப்ரித்தின் ஐரிஷ் வடிவத்துக்கு மிக நெருக்கம். கெர்ரியில் ஜெரால்டின் என்ற நார்மன் குடும்பத்தார் வலுவாகவே இருந்தார்கள். சுக்ரூ என்பது ஜெஃப்ரியின் வழித்தோன்றலாக ஏன் இருக்கக்கூடாது?

ஆவணக்காரன்:
கல்வெட்டன் ஐயா, இரண்டு காரணங்களால் அது நிற்காது.

முதலாவது ஒலி. ஐரிஷ் எழுத்தில் நடுவே சி-எச் இருக்கிறது, தொண்டையில் உரசி வரும் ஒலி. ஆங்கில எழுத்தர்கள் அதை ஜி-எச் என்று எழுதினார்கள், பிறகு எச் உதிர்ந்து வெறும் ஜி நின்றது. 1824 வரை கெர்ரி ஆயராக இருந்தவரின் பெயரே சார்ல்ஸ் சுக்ரூ, நடுவில் எச் உள்ள வடிவத்தில்தான் வருகிறது. 1880களில் கன்சாஸின் ஃபோர்டு கவுண்டியில், அதாவது டாட்ஜ் சிட்டி இருக்கும் கவுண்டியில், ஷெரீஃபாக இருந்த பேட் சுக்ரூவும் எச் சேர்த்தே எழுதினார். ஜெஃப்ரியில் இந்தத் தொண்டை ஒலிக்கு இடமே இல்லை. சிக்ஃப்ரித்தின் 'சிக்'கில் இருக்கிறது.

இரண்டாவது காலம். 'ஓ' சேர்ந்த பெயர்கள் பெரும்பாலும் 10 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள் உருவாகி நிலைத்துவிட்டன. நார்மன்கள் வந்தது 1169. அவர்கள் பெயரிலிருந்து கிளைத்த குடும்பங்கள் பொதுவாக 'மக்' (மகன்) எடுத்தன, 'ஓ' எடுக்கவில்லை.

செல்விமரபணு:
பெயரை வைத்து மட்டும் எவ்வளவு நேரம் பேசினாலும் இது தீராது. இந்தக் கேள்விக்கென்றே செய்த ஆய்வு இருக்கிறது. 2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக் குழு, நார்ஸ் வேருள்ள குடும்பப்பெயர் கொண்ட அயர்லாந்து ஆண்களின், அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை ஸ்காண்டிநேவியாவோடு ஒப்பிட்டது. தந்தைவழியில் ஸ்காண்டிநேவியச் சாயல் மிகக் குறைவாகவே தெரிந்தது. ஆவணக்காரன் சொல்வதற்கு இது நேரடி ஆதரவு.

கடல்வழி:
2017இல் வந்த ஐரிஷ் டிஎன்ஏ அட்லஸ் ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதில் மேற்கு நார்வேக் கரையோரத்தோடு ஒத்துப்போகும் மரபுக்கூறு அயர்லாந்து முழுக்க எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறது என்றுதானே வந்தது? 2006இல் சில குறியன்களை (டிஎன்ஏவில் ஒப்பிடும் இடங்களை) மட்டும் வைத்துப் பார்த்தது பழைய முறை.

செல்விமரபணு:
விடவில்லை, அது வேறு கேள்விக்கான விடை. 2017 ஆய்வு பார்த்தது எல்லா முன்னோர்களிடமிருந்தும் கலந்து வரும் குரோமோசோம்களை. மொத்த மக்களில் நார்வேக் கலப்பு உண்டா என்பதற்கு அது பதில். குடும்பப்பெயர் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது, அதே வழியில் போவது ஒய் மட்டும். மக்கள்தொகையில் கலப்பு இருக்கலாம், அது சுக்ரூ ஆண்வழியில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

உங்கள் பக்கத்துக்கு உதவும் கணக்கு ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1000ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை சுமார் 30 தலைமுறை. தத்து, திருமணத்துக்கு வெளியே பிறப்பு, தாய்வீட்டுப் பெயரை எடுப்பது எல்லாம் சேர்ந்து தலைமுறைக்கு 1 சதவீதம் பெயரும் ஒய்யும் பிரிந்தால், 30 தலைமுறையில் மூல வழி மிஞ்சுவது 74 சதவீதம். 2 சதவீதம் என்றால் 55. இன்றைக்கு ஒரு சுக்ரூவிடம் நார்ஸ் வழி இல்லை என்பது மட்டும் குடிமுதல்வனைத் தீர்மானிக்காது. ஆனால் பத்துப் பேரைச் சோதித்து ஒருவரிடமும் இல்லை என்றால் உங்கள் கருத்து பலமாக அடிபடும்.

கடல்வழி:
சரி, நிலப்பரப்புக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு நிலப் பட்டியலான கிரிஃபித் மதிப்பீட்டில் சௌண்டெக்ஸ் தேடல் (ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் தேடும் முறை) போட்டு வந்த பதிவுகளைப் புள்ளி வைத்து வரைபடமாக்கினேன். கேஹர்சிவீன் இருக்கும் ஐவெராக் தீபகற்பத்தில் கரையை ஒட்டியே குவிகிறது. விரிகுடாவுக்கு அக்கரையில் டிங்கிள் தீபகற்பத்திலும் இருக்கிறது: 'அன் ஷவக்' என்ற புனைபெயரில் எழுதிய பாட்ரிக் ஓ ஷுக்ரா 1883இல் பிறந்தது டிங்கிள் பக்கம்தான். கடலின் இரு கரையிலும் ஒரே பெயர் என்றால் அது கடலோடிகளின் பரவல்.

ஆவணக்காரன்:
வரைபடம் போட்ட விதத்திலேயே கோளாறு இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைச் சரிசெய்யாமல் எந்த அரிய பெயருக்கும் பரவல் வரையக்கூடாது.

சௌண்டெக்ஸ் முதலெழுத்தை வைத்துக்கொண்டு மற்ற மெய்களை எண்ணாக்கும், உயிரையும் எச்சையும் விட்டுவிடும். எஸ்-யு-ஜி-ஆர்-யு-இ என்பதற்கு எஸ்260 வரும். எச் சேர்த்து ஷுக்ரூ, ஷோக்ரூ என்று எப்படி எழுதினாலும் அதே எஸ்260, அதுவரை நல்லது. ஆனால் சுகர், சீகர் போன்ற சம்பந்தமில்லாத பெயர்களும் அதே எஸ்260. அவை உள்ளே நுழைந்துவிடும். முன்னால் 'ஓ' போட்டு எழுதியவர்களோ ஓ226 ஆகிவிடுவார்கள், உங்கள் தேடலில் வரவே மாட்டார்கள். பழைய கையெழுத்தில் பெரிய எஸ் எல் மாதிரி இருக்கும். அதை எல் என்று படியெடுத்திருந்தால் எல்260, அதுவும் போயிற்று. 1893இல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் தொடங்கிய பிறகு 'ஓ'வைத் திரும்பச் சேர்த்தவர்கள் உண்டு. 1911 கணக்கெடுப்புப் படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பிய வீடுகளும் உண்டு. பெண்கள் ஐரிஷில் 'ஓ' போடமாட்டார்கள், மணமாகாதவருக்கு 'நீ', மணமானவருக்கு 'ஈ'. அதற்குப் பின் முதல் எஸ் மென்மையாகி எச் ஒலியாகிவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் இவர்கள் யாரும் அகப்படமாட்டார்கள்.

வழி இதுதான்: குடும்பப்பெயர் பெட்டியைக் காலியாக விட்டு, கவுண்டி கெர்ரி என்று வைத்து, டவுன்லேண்ட் டவுன்லேண்டாக (அங்கே மிகச் சிறிய நிலப் பிரிவு) திறந்து பாருங்கள். கேஹர்சிவீன் ஏழைச்சட்ட ஒன்றியத்திலிருந்து (ஏழை நிவாரணத்துக்கான நிர்வாகப் பகுதி) தொடங்கி ஐவெராக், இரண்டு டன்கெரன் பாரனிகள் (கவுண்டியின் பழைய உட்பிரிவுகள்), பிறகு டிங்கிளைக் கொண்ட கார்க்ககுய்னி. படியெடுப்பை நம்பாமல் மூலப் படத்தைத் திறந்து உறுதிசெய்ய வேண்டும். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

அடுத்தது, கிரிஃபித் எதை எண்ணுகிறது? 1847 முதல் 1864 வரை வெளியான அந்த மதிப்பீடு நிலத்தையும் கட்டடத்தையும் வைத்திருந்தவர்களின் பட்டியல். ஆட்களின் பட்டியல் அல்ல. மூன்று டவுன்லேண்டில் துண்டு நிலம் வைத்திருந்த ஒருவர் மூன்று புள்ளியாகிறார். ஒரே டவுன்லேண்டில் இரண்டு டேனியல் சுக்ரூ இருந்தால் அடைப்புக்குறியில் அப்பன் பெயரோ அடையாளப் பெயரோ போட்டிருப்பார்கள். அதை வைத்து ஆளைப் பிரிக்கலாம், ஒரே ஆளைச் சேர்க்கவும் செய்யலாம். அதற்கு முந்தைய 1823 முதல் 1837 வரையான தசமபாக (திருச்சபை வரி) ஏடுகள் நிலமில்லாத கூலிகளைக் காட்டாது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணக்காப்பகத் தீயில் போய்விட்டது. 1922க்கு முன் எடுத்தவற்றில் முழு வீடுகளோடு கிடைப்பவை 1901ம் 1911ம்தான்.

மூன்றாவது, புள்ளி வைப்பதே தவறு, விகிதம் வேண்டும். ஒரு தேவாலயப் பங்கில் 600 வீட்டில் 12 சுக்ரூ என்றால் 2 சதவீதம். பக்கத்துப் பங்கில் 1,200 வீட்டில் 14 என்றால் 1.2தான். புள்ளி வரைபடத்தில் இரண்டாவதுதான் கனமாகத் தெரியும். ஐவெராக்கில் நடுவே மலை, மக்களே கரையோரமாகத்தான் குடியிருக்கிறார்கள். எந்தப் பெயரை எடுத்து வரைந்தாலும் கரையை ஒட்டித்தான் குவியும்.

கல்வெட்டன்:
மேத்திசன் 1894இல் வெளியிட்ட பதிவாளர் அறிக்கையை ஏன் பயன்படுத்தக்கூடாது? 1890ஆம் ஆண்டுப் பிறப்புகளைக் குடும்பப்பெயர் வாரியாகத் தந்திருக்கிறாரே.

ஆவணக்காரன்:
பெரிய பெயர்களுக்கு நல்லது. அதில் ஒரு பிறப்புக்கு 44.8 பேர் என்று பெருக்கி மக்கள்தொகையை மதிப்பிடவேண்டும். அரிய பெயரில் பிறப்பு ஒற்றை இலக்கத்தில் இருக்கும். ஒரு பெயருக்கு 9 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் தற்செயல் ஏற்ற இறக்கமே 6 முதல் 12 வரை, அதாவது 270 பேரிலிருந்து 540 பேர் வரை. இரட்டிப்பு வித்தியாசம். சிவில் பதிவு எல்லோருக்கும் 1864இல் தொடங்கிவிட்டது, பத்து ஆண்டுப் பிறப்பைச் சேர்த்து எண்ணினால் இந்தத் தடுமாற்றம் அடங்கும். பங்குப் பதிவேடுகள் கெர்ரிக்கு இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன.

டிங்கிள் வாதத்துக்கும் பதில் சொல்லவேண்டும். ஐவெராக்கும் டிங்கிளும் பழங்காலத்தில் கோர்க்கா துய்வ்னே என்ற ஒரே கேலிக் குலத்தின் நிலம். அந்தக் குலத்தின் ஓ'ஷே, ஃபால்வி குடும்பங்களும் இதே இரு கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வைக்கிங் என்று சொல்வதில்லை. இரு கரைப் பரவல் உள்ளூர் கேலிக் குடிக்கும் அப்படியே பொருந்துகிறது.

கடல்வழி:
ஓ'ஷேக்களுக்கு கோர்க்கா துய்வ்னே வம்சாவளியில் இடம் இருக்கிறது, அரசுரிமை இருந்தது. சுக்ரூக்களை எந்த அரச வம்சாவளியில் ஒட்டுவீர்கள்? ஒட்ட இடமில்லாத குடி வெளியிலிருந்து வந்து சேர்ந்த குடியாக இருப்பது இயல்பு. விகித வரைபடம் போடத்தான் வேண்டும் என்பதை ஏற்கிறேன். கேஹர்சிவீன் ஒன்றியம் விகிதத்திலும் முதலில் நின்றால், பெகினிஷை நீங்கள் சும்மா தாண்டிப்போக முடியாது.

ஆவணக்காரன்:
வம்சாவளியில் இடமில்லாத கேலிக் குடிகள் கெர்ரியில் ஏராளம். ஏடுகள் ஆண்டவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கீழே இருந்தவன் ஏட்டில் இல்லை என்பதற்காக அந்நியன் ஆகிவிடமாட்டான்.

செல்விமரபணு:
அப்படியானால் சோதனையை ஒழுங்காக வடிவமைப்போம். 37 குறியன் சோதனை போதாது. அயர்லாந்தில் ஆர்1பி எல்21 என்ற ஆண்வழி மரபுக்கிளை அவ்வளவு அடர்த்தி, சம்பந்தமில்லாதவர்களுக்கும் எண்கள் ஒத்துப்போகும். ஒய்யை விரிவாகப் படிக்கும் பிக் ஒய் 700 சோதனை வேண்டும். ஆட்களை ஐவெராக்கிலிருந்து மூன்று பேர், டிங்கிளிலிருந்து இரண்டு, எச் சேர்த்து எழுதும் அமெரிக்கக் கிளையிலிருந்து ஒருவர் என்று எடுக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 1864 வரை ஆவணத் தொடர்ச்சி இருக்கவேண்டும், ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவாக இருக்கக்கூடாது.

முடிவைப் படிப்பது இப்படி. ஸ்காண்டிநேவியாவில் அதிகமுள்ள ஐ1 கிளை வந்தால் உடனே வைக்கிங் என்று கொண்டாட வேண்டாம், இங்கிலாந்திலிருந்து பின்னால் வந்தவர்களிடமும் ஐ1 உண்டு. நார்வேக் கிளையா என்று கீழ்க்கிளை வரை பார்க்கவேண்டும். ஆர்1பி வந்தாலும் நார்ஸ் இல்லை என்று அர்த்தமில்லை, நார்வே ஆண்களில் கணிசமானோர் ஆர்1பிதான். கார்க், கெர்ரியில் அடர்ந்த, எல்21இன் உட்கிளையான சிடிஎஸ்4466 என்றால் உள்ளூர் வழி. பிக் ஒய்யில் ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒரு மாற்றம் சேரும். ஐவெராக் ஆளும் டிங்கிள் ஆளும் பொது முன்னோனுக்குப் பிறகு ஆளுக்குப் பன்னிரண்டு மாற்றம் சுமந்தால், பிரிந்தது 1000ஆம் ஆண்டை ஒட்டி, பெயர் உருவான காலம். ஐந்தாறுதான் என்றால் 1500களில் படகேறி அக்கரைக்குப் போன கிளை. இருவரும் பல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரிந்த வழிகள் என்றால், அந்தப் பெயருக்குள் குறைந்தது இரண்டு ஆண்வழி இருக்கிறது. எது மூலம் என்பதற்கு இன்னும் ஆட்கள் தேவைப்படும்.

கடல்வழி:
இந்த வடிவமைப்புக்கு நான் கட்டுப்படுகிறேன். ஐவெராக் ஆட்கள் மூவரில் இருவருக்கு மேற்கு நார்வேக் கீழ்க்கிளை வரும் என்பது என் கணிப்பு.

ஆவணக்காரன்:
மூவருக்கும் சிடிஎஸ்4466 அல்லது எல்21இன் வேறொரு உள்ளூர்க் கிளை வரும் என்பது என்னுடையது. அதற்குள் கேஹர்சிவீன் ஒன்றியத்தின் 1901 வீட்டுப் படிவங்களிலிருந்து விகிதக் கணக்கைத் தொடங்குகிறேன். 'ஓ' சேர்த்தவர்களைத் தனிப் பத்தியில் குறிக்கிறேன், சுகர்களையும் சீகர்களையும் நீக்கிவிட்டே போடுவேன்.